பருவமழை ஒன்றும் பெரிய சைஸ் கடற்காற்று அல்ல!

பள்ளிக்கூடப் புவியியலில் படித்ததையெல்லாம் மறந்தவர்கள்கூட மறக்காமல் வைத்திருக்கும் பதில் ஒன்று உண்டு. "கோடையில் நிலம் சீக்கிரம் சூடாகிறது. சூடான காற்று லேசாகி மேலே போகிறது. அங்கே குறைந்த காற்றழுத்தம் உண்டாகிறது. கடலில் அழுத்தம் அதிகம். ஆகவே ஈரக்காற்று கடலிலிருந்து நிலத்தை நோக்கி வீசி மழை தருகிறது." பக்கத்தில் ஒரு படம். கடல், கரை, இரண்டு அம்புக்குறி, மூலையில் சிரித்துக்கொண்டிருக்கும் சூரியன். ஐந்து மார்க் நிச்சயம். கைடிலும் இதே, டியூஷன் நோட்ஸிலும் இதே, போட்டித் தேர்வுக்கு விற்கிற தடித்த புத்தகத்திலும் (விலை மட்டும் நாலு மடங்கு) இதே.

இந்தப் பதிலில் பிரச்சினை ஒன்றே ஒன்றுதான். இது தப்பு. முழுப் பொய்யாக இருந்திருந்தால் எப்போதோ மாட்டியிருக்கும். பாதி உண்மை என்பதால்தான் இத்தனை வருடம் தப்பித்திருக்கிறது.

கடற்காற்று என்று ஒன்று நிஜமாகவே இருக்கிறது. மே மாத மதியம் மெரினாவுக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு அதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. பகலில் கரை சூடாகிறது, பதினொரு மணிக்கோ ஒரு மணிக்கோ கடலிலிருந்து காற்று கிளம்புகிறது, வெப்பம் அப்படியே இரண்டு மூன்று டிகிரி இறங்குகிறது. அது தாமதமாகக் கிளம்பிய நாளில் ஊர் வெந்துபோகிறது. ஜூலை, ஆகஸ்டில் மேற்கிலிருந்து வருகிற காற்றும் இதுவும் மோதிக்கொள்ளும் சாயங்காலங்களில் சென்னைக்கு இடியோடு மழையும் கிடைக்கிறது. சில பத்து கிலோமீட்டர் தூரத்துக்கு, சில மணி நேரத்துக்கு, அந்தப் பாடம் அட்சரம் பிசகாமல் சரி. அதே படத்தை ஜெராக்ஸ் மெஷினில் போட்டு ஆயிரம் மடங்கு பெரிதாக்கி "இதுதான் பருவக்காற்று" என்று ஒட்டியதில்தான் கோளாறு.

ஒட்டியவர் சாதாரண ஆள் இல்லை. வால்நட்சத்திரத்துக்குப் பெயர் கொடுத்த அதே எட்மண்ட் ஹாலி, 1686இல். உலகத்துக் கடல்களில் எந்த மாதம் எந்தப் பக்கம் காற்று வீசுகிறது என்று கப்பல்காரர்கள் சொன்னதையெல்லாம் சேர்த்து, வரைபடம் போட்டு, காரணமும் யோசித்துச் சொன்னார். மேலே பலூன் விட்டு அளக்க முடியாத, செயற்கைக்கோள் என்ற சொல்கூட இல்லாத காலம் அது. அந்தக் காலத்துக்கு அது பிரமாதமான யோசனை. ஹாலியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. 1686இல் சொன்னதை இன்றைக்கும் விடைத்தாளில் எழுதச் சொல்கிறவர்களைத்தான் கேட்க வேண்டும்.

சோதித்துப் பார்க்க ராக்கெட் எதுவும் வேண்டாம். நாக்பூரை எடுத்துக்கொள்வோம். நாட்டின் நடு மையம். மே மாதத்தில் அங்கே சராசரிப் பகல் உச்சம் 42 டிகிரிக்கு மேல். பாடப்புத்தகத்தின்படி மழை கொட்ட வேண்டிய மாதம் அதுதான். கொட்டுவதில்லை. மழை உச்சத்தில் இருக்கும் ஜூலையில் பகல் உச்சம் 32ஐ ஒட்டி இறங்கிவிடுகிறது. இரவையும் சேர்த்துச் சராசரி பார்த்தால் 28 டிகிரி. அப்போது அரபிக்கடல் என்ன வெப்பத்தில் இருக்கிறது? அதுவும் 27, 28தான்! நிலமும் கடலும் ஏறக்குறைய ஒரே சூடு. கடற்காற்றுக் கணக்குப்படி அன்றைக்குக் காற்று நின்றுபோயிருக்க வேண்டும். ஆனால் அந்த மாதத்தில்தான் அது மரத்தைப் பிடுங்குகிற வேகத்தில் வீசிக்கொண்டிருக்கிறது.

அடுத்தது தார்ப் பாலைவனம். ஜூன், ஜூலையில் இந்தியாவிலேயே அதிகமாகக் காய்கிற இடம், காற்றழுத்தமும் மிகக் குறைவாக இருக்கிற இடம் அந்த வடமேற்கு மூலைதான். "சூடு, தாழ்வழுத்தம், மழை" என்ற சூத்திரம் சரியாக இருந்தால் ஜெய்சல்மரில் படகு விட வேண்டியிருக்கும். அங்கே சூடான காற்று மேலே போகத்தான் செய்கிறது. ஆனால் இரண்டு மூன்று கிலோமீட்டர் ஏறுவதற்குள் மேலிருந்து இறங்குகிற வறண்ட காற்று அதை மூடி போட்டு அமுக்கிவிடுகிறது. மேகம் வளர இடமே இல்லை. வெறும் சூட்டால் மழை பெய்துவிடாது என்பதற்கு ஒரு பாலைவனத்தையே இயற்கை சாட்சியாக நிறுத்தியிருக்கிறது.

மூன்றாவதுதான் பலமான அடி. பருவமழை நன்றாகப் பெய்த ஆண்டுகளைவிட, பொய்த்த ஆண்டுகளில்தான் அந்த மாதங்களில் நிலம் அதிகச் சூடாக இருக்கிறது. மேகம் இல்லை, ஈரம் இல்லை, வெயில் நேரே மண்ணில் விழுகிறது, சூடாகாமல் என்ன செய்யும்? நிலத்தின் சூடுதான் மழையை இழுக்கிறது என்றால் இது தலைகீழாக அல்லவா இருக்க வேண்டும்! இந்த மூன்றையுமே சேர்த்து 1921இலேயே ஒருவர் எழுதிவிட்டார். ஜார்ஜ் சிம்ப்சன். ஸ்காட்டின் அண்டார்டிகா பயணத்தில் வானிலை பார்த்தவர், சிம்லாவில் இந்திய வானிலைத் துறையில் வேலை செய்தவர், பிறகு பிரிட்டனின் வானிலைத் துறைக்கே தலைவரானவர். ஊர் பேர் தெரியாத ஆசாமி அல்ல. எழுதி நூறு வருடம் தாண்டிவிட்டது. அம்புக்குறிப் படம் மட்டும் அசையவில்லை.

சரி, அப்படியானால் மழை எப்படித்தான் வருகிறது?

பூமியைச் சுற்றி, நிலநடுக்கோட்டை ஒட்டி, ஒரு மேகப் பட்டை எப்போதும் இருக்கிறது. வடக்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் வருகிற காற்றுகள் முட்டிக்கொண்டு மேலே போகிற இடம். சூரியன் வடக்கே நகர்ந்தால் இதுவும் நகரும், தெற்கே போனால் திரும்பும். மற்றக் கடல்களில் கொஞ்ச தூரம்தான் நகர்கிறது. இந்தியப் பெருங்கடல் பக்கம் மட்டும் அது கங்கைச் சமவெளி வரைக்கும் ஏறி வந்துவிடுகிறது. தென்மேற்குப் பருவமழை என்பது அந்தப் பட்டையின் வருகை. அதற்குத் தீனி போட, தெற்கு இந்தியப் பெருங்கடலிலிருந்து கிளம்பும் காற்று கென்யா, சோமாலியா கரையோரமாக நிலநடுக்கோட்டைத் தாண்டி, பூமி சுழல்வதால் வலது பக்கம் வளைந்து, அரபிக்கடலைக் கடந்து கேரளத்தில் வந்து மோதுகிறது. தரையிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர் உயரத்தில் ஆறு மாதிரி ஓடுகிற காற்று. இத்தனை ஆயிரம் கிலோமீட்டர் பயணத்தை "கடலிலிருந்து நிலத்துக்கு" என்று ஒரு அம்புக்குறியில் முடித்துவிடுகிறார்கள்.

இதை ஓட்டுகிற எரிபொருள் எது என்பதில்தான் கடல் வருகிறது. இட்லிப் பானையைத் திறக்கும்போது கையில் ஆவி பட்டவர்களுக்குத் தெரியும், அது கொதிநீரைவிட மோசமாகச் சுடும். நீர் ஆவியாகும்போது விழுங்கிய வெப்பத்தை, மறுபடி நீராக மாறும்போது அப்படியே கக்கிவிடுவதுதான் காரணம். ஒரு கிலோ நீருக்குச் சுமார் 25 லட்சம் ஜூல். ஒரு சென்டிமீட்டர் மழை என்றால் சதுர மீட்டருக்குப் பத்து கிலோ நீர். அதாவது அந்த ஒரு சதுர மீட்டருக்கு மேலே, மேகத்துக்குள், ஏழு யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பம் வெளிப்பட்டிருக்கிறது. நூறு சதுர மீட்டர் மொட்டைமாடிக்கு எழுநூறு யூனிட். ஒரே ஒரு சென்டிமீட்டர் மழைக்கு! இந்த வெப்பம் தரையில் இல்லை, பல கிலோமீட்டர் உயரத்தில் கிடைக்கிறது. அங்கே காற்று சூடாகி மேலும் எழும்புகிறது, கீழே காலியான இடத்துக்குக் கடலிலிருந்து இன்னும் ஈரக்காற்று வருகிறது, அது இன்னும் மழையாகிறது. காற்று மழையைக் கொண்டுவருவது பாதிக் கதை. மழை காற்றை இழுத்துவருவது மீதிக் கதை. பாடப்புத்தகம் முதல் பாதியோடு மணி அடித்துவிட்டது.

அந்த வெப்பத்தின் சேமிப்புக் கிடங்கு கடல். தலைக்கு மேலிருக்கும் மொத்த வாயுமண்டலத்தையும் ஒரு டிகிரி சூடாக்கத் தேவையான வெப்பத்தைக் கடலின் மேல் இரண்டரை மீட்டர் நீரே வாங்கி வைத்துக்கொள்ளும். கடலின் சராசரி ஆழமோ மூவாயிரத்து எழுநூறு மீட்டர் சொச்சம். யார் முதலாளி, யார் சிப்பந்தி என்பதில் சந்தேகமே வேண்டாம்.

ஆனாலும் கடல் வெறும் கிடங்கு அல்ல, அதற்கும் குணம் உண்டு. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் சுலோசனா காட்கிலும் உடன் உழைத்தவர்களும் 1984இல் காட்டியது, கடலின் மேல்மட்டம் ஏறக்குறைய 28 டிகிரியைத் தாண்டினால்தான் பெரிய மேகக் கூட்டங்கள் திரளத் தொடங்குகின்றன என்பது. (தாண்டினால் கட்டாயம் திரளும் என்று அர்த்தமில்லை. ஈயடிச்சான் காப்பி அடிப்பவர்கள் கவனிக்க.) இப்போது இரண்டு கடல்களையும் பார்த்தால் வேடிக்கை புரியும். பருவக்காற்று பலமாக வீசத் தொடங்கியதும் அரபிக்கடலைக் கலக்கிவிடுகிறது. சோமாலியா பக்கம் அடியிலிருந்து குளிர்ந்த நீர் மேலே வருகிறது, ஆவியாகும் நீரும் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது, கடல் குளிர்ந்துவிடுகிறது. வங்கக்கடலில் அப்படி நடப்பதில்லை. கங்கை, பிரம்மபுத்திரா, ஐராவதி, மகாநதி, கோதாவரி எல்லாம் கொண்டுவந்து கொட்டுகிற நன்னீர் லேசானது. உப்பு நீருக்கு மேலே போர்வை மாதிரி மிதக்கிறது. காற்று எவ்வளவு கலக்கினாலும் அடியிலிருக்கும் குளிர் நீர் சுலபமாக மேலே வர முடியாது. அதனால்தான் வங்கக்கடல் ஜூலை, ஆகஸ்டிலும் 28க்கு மேலேயே நின்று, ஒன்றன்பின் ஒன்றாகத் தாழ்வு மண்டலங்களைப் பெற்று ஒடிசா வழியாக உள்நாட்டுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது. மழை ஆற்றில் ஓடி, ஆறு கடலில் கலந்து, அந்த நன்னீர் கடலைச் சூடாக வைத்து, மறுபடி மழை. இதில் எந்த இடத்தில் அம்புக்குறியை வரைவது?

வடகிழக்குப் பருவமழைக்கு வந்தால் பாடத்தின் நிலைமை இன்னும் பரிதாபம். தமிழ்நாட்டுக்கு ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி, 44 சென்டிமீட்டர் அளவுக்கு, அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான். அந்த மழைக்குப் பாடப்புத்தகத்தில் கிடைப்பது இரண்டு வரி. "குளிர்காலத்தில் நிலம் குளிர்கிறது, காற்று நிலத்திலிருந்து கடலுக்கு வீசுகிறது, வங்கக்கடலில் ஈரத்தை எடுத்துக்கொண்டு சோழமண்டலக் கரைக்கு மழை தருகிறது." காற்று வந்தால் மழை வந்துவிடும் என்ற தொனி. 2016இல் அக்டோபர் கடைசியில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டதாக அறிவித்தார்கள். காற்றும் திசை மாறாமல் வந்தது. மழை? வழக்கத்தைவிட 62 சதவீதம் குறைவு. டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையில் மரங்களைச் சாய்த்துவிட்டுப் போனதோடு சரி, மாநிலத்தின் பெரும்பகுதி காய்ந்தது. தெற்கே திரும்பிப் போகிற மேகப் பட்டையும், சூடான வங்கக்கடலின் மேல் கிழக்கிலிருந்து வருகிற தாழ்வுகளும்தான் இங்கே மழை. அவை வராத ஆண்டில் வடகிழக்குக் காற்று வெறும் காற்று.

அவை வந்து உட்கார்ந்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2015 டிசம்பர் 1 இருக்கிறது. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர். 2023 டிசம்பர் 17, 18இல் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர், அதாவது மாநிலத்தின் ஓராண்டுச் சராசரி மழை ஒரே ஊரில் ஒரே நாளில். இரண்டுமே எல் நினோ ஆண்டுகள். 2023இல் அதே எல் நினோ இருந்தபோதுதான் நாடு முழுவதற்கும் 1901க்குப் பிறகு மிக வறண்ட ஆகஸ்ட் அமைந்தது. பல ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் பசிபிக் கடலின் நடுவிலும் கிழக்கிலும் நீர் வழக்கத்தைவிடச் சூடானால், தென்மேற்குப் பருவமழை பெரும்பாலும் தளர்கிறது, தமிழ்நாட்டின் மழைக்காலம் பெரும்பாலும் பலக்கிறது. நாக்பூர் மண் எவ்வளவு சூடு என்று பார்த்துக்கொண்டிருப்பவருக்கு இது ஜென்மத்துக்கும் புரியாது.

புரிந்துகொள்ள முயன்றவர்கள் வாங்கிய அடியும் லேசுப்பட்டதல்ல. தாது வருஷப் பஞ்சம் 1876இலிருந்து 1878 வரை சென்னை மாகாணத்தையும் தக்காணத்தையும் தின்றது. செத்தவர்கள் அரைக் கோடிக்கு மேல். (மழை பொய்த்தது இயற்கை. அந்த நேரத்திலும் தானியம் கப்பலேறியது வெள்ளைக்கார நிர்வாகம். அது தனிக் கதை.) அதற்குப் பிறகுதான் மழையை முன்கூட்டிச் சொல்லியே ஆக வேண்டும் என்று வானிலைத் துறைக்கு நெருக்கடி. துறையின் தலைவர் பிளான்ஃபோர்ட் இமயமலைப் பனியை வைத்துச் சொல்லிப் பார்த்தார். சில வருடம் பலித்தது, பிறகு பலிக்கவில்லை. 1904இல் பொறுப்புக்கு வந்த கில்பர்ட் வாக்கர் கணித ஆள். சென்னைத் துறைமுக எழுத்தர் ஒருவரின் நோட்டுப் புத்தகங்களை 1913இல் பார்த்துவிட்டு, இவருக்குச் சம்பளம் கொடுத்துப் படிக்க விடுங்கள் என்று பல்கலைக்கழகத்துக்கு எழுதினாரே, அதே வாக்கர். அந்த எழுத்தர் ராமானுஜன். வாக்கர் செய்த காரியம், இந்திய நிலத்தையே முறைத்துக்கொண்டிருக்காமல் உலகம் முழுக்க இருந்த காற்றழுத்தக் கணக்குகளை எடுத்துப் போட்டுப் பார்த்தது. பசிபிக்கில் அழுத்தம் ஏறினால் இந்தியப் பெருங்கடலில் இறங்குகிறது, அங்கே இறங்கினால் இங்கே ஏறுகிறது, ஏற்றப்பலகை மாதிரி. 1969இல் யாக்கோப் பியர்க்னெஸ் அந்த ஆட்டத்தையும் எல் நினோவையும் ஒரே முடிச்சில் கட்டினார். அப்பாடா, தீர்ந்தது என்று பார்த்தால் 1997இல் நூற்றாண்டின் மிகப் பலமான எல் நினோக்களில் ஒன்று வந்தும் இந்தியாவில் மழை 102 சதவீதம்! ஏன் என்று தேடியதில் இந்தியப் பெருங்கடலிலேயே மேற்கும் கிழக்கும் மாறி மாறிச் சூடாகும் இன்னொரு ஏற்றப்பலகை 1999இல் பிடிபட்டது. சாஜி, கோஸ்வாமி, வினயசந்திரன், யமகதா. சினிமா மாதிரித் திருப்பங்கள் இருக்கிற கதை. இதைத்தான் ஐந்து மார்க்குக்குச் சுருக்கிக் கொன்றிருக்கிறார்கள்.

"சின்னப் பசங்களுக்கு இவ்வளவும் புரியுமா? எளிமையாகச் சொன்னால்தானே ஏறும்?" என்று கேட்பவர்கள் உண்டு. எளிமை என்றால் சிறியதாக்குவது, தலைகீழாக்குவது அல்ல. சூரியன் வடக்கே போகும்போது மேகப் பட்டையும் கூடவே போகிறது என்பது எட்டாம் வகுப்புக்குப் புரியாதா? இட்லிப் பானை ஆவி புரியாதா? நிலத்துக்குப் பங்கே இல்லை என்று யாரும் சொல்லவில்லை. நிலம் சீக்கிரம் சூடாவதால்தான் பட்டை அவ்வளவு வடக்கே ஏற முடிகிறது. ஆப்பிரிக்கக் கரை காற்றை ஒதுக்கி வழி காட்டுகிறது. இமயமலை வடக்கிலிருக்கும் வறண்ட குளிர்காற்று உள்ளே நுழையாமல் வேலி போடுகிறது. திபெத் பீடபூமியை எடுத்துவிட்டு இமயத்தை மட்டும் விட்டாலும் பருவமழை கிட்டத்தட்ட அப்படியே நிற்கிறது என்று 2010இல் கணினி மாதிரியில் காட்டினார்கள், பூஸும் குவாங்கும். அதைவிட ஒரு படி மேலே, 2008இல் போர்டோனியும் ஷ்னைடரும் நிலமே இல்லாத ஒரு பூமியைக் கணினியில் உருவாக்கினார்கள். எங்கும் நீர், அதுவும் சீக்கிரம் சூடாகிக் குளிரும் ஆழமற்ற நீர். அங்கேயும் சட்டென்று பருவமழை தொடங்கியது. கரையே இல்லாத உலகத்தில் கடற்காற்று எங்கிருந்து வரும்?

தேர்வில் எழுதுவதோடு இந்தத் தப்பு முடிந்துவிடுவதில்லை. ஒவ்வொரு மே மாதமும் டீக்கடையில் ஆரம்பித்து டிவி வரைக்கும் ஒரே பேச்சு. "இந்த வருஷம் வெயில் மண்டையைப் பிளக்குது, அப்ப மழை வெளுத்து வாங்கும் பாருங்க." படித்தவர்கள்தான் அதிகம் சொல்கிறார்கள், பாடத்தில் படித்ததாயிற்றே. 2002 மே மாதம் ஆந்திரத்தில் வெயிலுக்கு ஆயிரம் பேருக்கு மேல் செத்தார்கள். அந்த ஆண்டு பருவமழை 81 சதவீதம், ஜூலையில் வழக்கத்தில் பாதிகூட இல்லை. 2015 மே மாதம் ஆந்திரம், தெலங்கானாவில் இரண்டாயிரம் பேருக்கு மேல் பலி. மழை 86 சதவீதம். 1998இலும் 2003இலும்கூட அதே மாதிரிக் கொடிய வெயில், ஆனால் மழை நன்றாகவே பெய்தது. மே மாத வெயிலிலிருந்து ஜூலை மழையைப் படிக்கவே முடியாது. காசைச் சுண்டிப் பார்ப்பதும் இதுவும் ஒன்று.

டெல்டாவில் குறுவைக்கு நாற்று விடலாமா, விதைநெல் வாங்கலாமா, நகையை அடகு வைக்கலாமா என்று ஒருவர் முடிவு எடுக்கிறபோது கையில் இருப்பது இந்தக் காசுதான். மேட்டூரை ஜூன் 12இல் திறப்பது வழக்கம். திறக்க நீர் வேண்டுமென்றால் குடகில் பெய்ய வேண்டும். குடகில் பெய்ய அரபிக்கடலும், அதற்கு அப்பால் பசிபிக்கும் ஒத்துழைக்க வேண்டும். 2002இல் அந்தத் தேதியில் மேட்டூர் திறக்கவில்லை. மே மாத வெயிலை நம்பியிருந்தவருக்கு அதைச் சொல்ல யாரும் இல்லை. வானிலைத் துறையும் அந்த வருடம் இயல்பான மழை என்றுதான் சொல்லியிருந்தது என்பது வேறு விஷயம்.

இதற்கு மேல் பூமி வேறு சூடாகிக்கொண்டிருக்கிறது. "நிலம் சூடானால் மழை" என்று மனப்பாடம் செய்தவர்களுக்கு அது நல்ல செய்தியாகக்கூடப் படலாம்! கூடுதலாகச் சேரும் வெப்பத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் கடலுக்குள்தான் போகிறது. காற்று ஒரு டிகிரி சூடானால் ஏறக்குறைய ஏழு சதவீதம் அதிக நீராவியைத் தாங்கும். அந்த நீராவி காயல்பட்டினத்தில் இறங்கியது மாதிரி ஒரே இரவில் இறங்கலாம், 2016 மாதிரி இறங்காமலே கடலோடு போகலாம். பள்ளிக்கரணையில் இருக்கும் தேசிய கடல் தொழில்நுட்பக் கழகம் வங்கக்கடலில் மிதவைகளைப் போட்டு நீரின் சூட்டையும் உப்பையும் அளந்துகொண்டிருப்பது இதற்காகத்தான். சென்னைப் பள்ளிகளில் பலவற்றுக்கு அது பஸ் தூரம். பிள்ளைகள் அங்கே ஒரு நாள் போய், மிதவை அனுப்புகிற ஜூலை மாத எண்களை நாக்பூரின் ஜூலை எண்களுக்குப் பக்கத்தில் எழுதிப் பார்த்தால் போதும். அப்புறம் அம்புக்குறிப் படத்தை எந்த வாத்தியார் கரும்பலகையில் வரைந்தாலும், கடைசி பெஞ்சிலிருந்து ஒரு கை தூக்கப்படும்.